வீட்டில் அடைக்கலம்: ஐந்து பேர் இருக்கும் இடத்தில் பதினோரு பேர்

கேள்வி: வாசல்திண்ணை
சண்டை நடக்கும் பகுதியிலிருந்து ஆறு பேர் இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். முன்பின் பழக்கம் இல்லாத குடும்பம். ஒரு கைக்குழந்தை, நடக்கச் சிரமப்படும் ஒரு பாட்டி. நாங்கள் ஐந்து பேர். மூன்று அறை, ஒரு கழிவறை, ஒரு கிணறு. மின்சாரம் எப்போது வரும், போகும் என்று தெரியாது. உணவுப் பொருள் ஓரளவு சேர்த்தாயிற்று. வேறு எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: நீர்மட்டம்
உணவைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். முதலில் திணறப்போவது தண்ணீரும் கழிவறையும்தான். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது நிவாரணப் பணியில் வைக்கும் கணக்கு. பதினோரு பேருக்கு 165 லிட்டர். மின்சாரம் இருக்கும்போதே 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிரப்பிவிடுங்கள். குடிநீர் மட்டும் தனியாக, மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் இருக்கட்டும். ஆளாளுக்கு டம்ளரை விட்டு மொள்ளும் குடத்தில் ஒரு கை அழுக்கானால் போதும், வீடு முழுக்க வயிற்றுப்போக்கு.

கொதிக்க வைக்க எரிபொருள் இல்லையென்றால் வாசனை சேர்க்காத சலவை பிளீச் (5 முதல் 6 சதவீதம்) லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அளவை இரட்டிப்பாக்குங்கள். முடிவில் லேசான குளோரின் வாடை வர வேண்டும். பழைய பாட்டிலில் வீரியம் இறங்கியிருக்கும், அதை நம்பாதீர்கள்.

குளித்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றலாம். கூடுதலாகக் குழி தோண்டினால் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பாட்டிக்கு இரவில் படுக்கையருகே மூடியுள்ள ஒரு வாளி வையுங்கள். இருட்டில் வரிசையில் நிற்க வைப்பது கொடுமை, விழுந்தால் அதைவிடக் கொடுமை.

பதில்: மருந்துப்பெட்டி
வந்ததும் யாருக்குக் காய்ச்சலோடு தடிப்பு, யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று பக்குவமாகக் கேளுங்கள். முதலாவது தட்டம்மையாக இருக்கலாம், இரண்டாவது காசநோயாக. அப்படி இருப்பவருக்குக் காற்றோட்டமுள்ள தனி அறை, சீக்கிரம் பரிசோதனை.

நெரிசலில் அதிகம் வருவது சொறி சிரங்கு. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே முழுவதும் பூசி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அரிப்பவருக்கு மட்டும் பூசுவார்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் பூசாவிட்டால் அது சுற்றிச் சுற்றி வரும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே பூசுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்புசர்க்கரைப் பொட்டலம் கிடைக்காதபோது: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. தாய் பயத்தில் 'பால் வற்றிவிட்டது' என்றால் உடனே பால்பொடிக்கு மாற்றாதீர்கள். அதிர்ச்சியில் பால் இறங்குவது தடைபடும். அமைதியான மூலையும் அடிக்கடி சப்பக் கொடுப்பதும் பெரும்பாலும் அதைச் சரிசெய்யும். கெட்ட தண்ணீரில் கரைத்த பொடிதான் இந்தச் சூழலில் உயிரை வாங்கும்.

பதில்: இரண்டாம்சுவர்
படுக்கும் இடத்தை இட அளவைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தெருவுக்கும் படுப்பவருக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்க வேண்டும்: முதல் சுவர் வெடிப்பின் வேகத்தை வாங்கும், இரண்டாவது சிதறல்களை. கண்ணாடி சன்னலுக்குக் கீழே யாரையும் படுக்க விடாதீர்கள். ஆளுக்குச் சுமார் 38 சதுர அடி என்பது கணக்கு. 10க்கு 12 அறையில் மூன்று பேர். குண்டு விழும் இரவில் அதைப் பார்க்க முடியாது, நெருக்கியடித்து உள்ளறையில்தான்.

வெளிச்சம் தெரியக் கூடாதென்று சன்னலை அடைத்து, உள்ளே கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ ஓட்டுவதுதான் என் பெரிய பயம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி நிற்கட்டும்.

வந்தவர்களின் படத்தை இணையத்தில் போட வேண்டாம். ஆயுதம் தாங்கியவர் யாரானாலும் வீட்டுக்குள் வேண்டாம்; அவர் இருக்கும் வீடு தாக்குதலுக்கு இலக்காகும்.

வாசல்திண்ணை:
நன்றி. அவர்களுடைய அடையாள ஆவணங்களை எங்கள் பீரோவில் பூட்டி வைக்கலாமா? வேலைகளை எப்படிப் பிரிப்பது?

பதில்: அடுக்களைக்கணக்கு
ஆவணங்களை வாங்காதீர்கள். உங்கள் நோக்கம் நல்லதுதான், ஆனால் ஆட்களைக் கடத்துகிறவர்களும் முதலில் கேட்பது அதைத்தான். வந்தவர்களுக்கு அந்தப் பயம் வரும். நீர் புகாத பை ஒன்று கொடுங்கள், அவர்களே இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். பெண்கள் படுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் அவசியம். பெற்றோரைப் பிரிந்த குழந்தை கூட வந்தால் பெயர், பெற்றோர் பெயர், ஊர், பிரிந்த இடம், தேதி எழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தேடல் பிரிவில் பதியுங்கள். 'நான் சித்தப்பா' என்று வருபவரிடம் சரிபார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது.

உணவுக் கணக்கு: ஆளுக்கு நாளைக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25 முதல் 30. அப்படியானால் 25 கிலோ தானிய மூட்டை உங்களுக்கு ஆறு நாள்கூட வராது. இருப்பைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்; இல்லையென்றால் யார் அதிகம் சாப்பிட்டார் என்ற முணுமுணுப்பு ஆரம்பிக்கும். அடுப்பு ஒன்றே என்றால் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் ஒரு வேளைச் சமையலை முழுதாக விட்டுவிடுங்கள். அதை வாடகையாக நினைத்து வீட்டு வேலை முழுவதையும் தலையில் கட்டாதீர்கள்.

'எவ்வளவு நாளானாலும் இருங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாரம், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லுங்கள். குடியிருப்பவரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி உங்கள் பகுதியில் இருந்தால் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். நிவாரணப் பங்கீடு பெரும்பாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வரும்.