மனநலப் பிரிவு போஸ்டிங்: அறுவை சிகிச்சைக்குப் போகிறவனுக்கு எது தேவைப்படும்?

நான்காம் ஆண்டு மாணவன்:
திங்கட்கிழமை முதல் இரண்டு வாரம் மனநலப் பிரிவில் போஸ்டிங். எனக்கு அறுவை சிகிச்சைத் துறையில்தான் விருப்பம். போய் வந்த நண்பர்கள் அதை விடுமுறை என்றே சொல்கிறார்கள். வருகைப்பதிவு முடிந்ததும் நூலகத்துக்கு நழுவிவிடலாமாம். புத்தகத்தைத் திறந்தால் நோய் வகைகளும் மருந்துப் பெயர்களும் நீண்டுகொண்டே போகின்றன. இதில் பிற்காலத்தில் உண்மையாகவே கைகொடுப்பது எது? இன்னொன்று: தற்கொலை எண்ணத்தைப் பற்றி நோயாளியிடம் கேட்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிட்டால்?

வைவா முடித்தவன்:
மனநிலைப் பரிசோதனையின் தலைப்புகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் தேர்வில் தேறிவிடலாம். அதற்கு மேல் நான் எதுவும் கற்கவில்லை.

எலும்பு வைத்தியன்:
தம்பி, நானும் அந்த நூலகத்துக்குப் போனவன்தான். அதற்கான வட்டியைப் பயிற்சி மருத்துவராக இருந்தபோது கட்டினேன்.

தொடை எலும்பு முறிந்து வந்த ஒருவர். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. சேர்ந்த மூன்றாம் நாள் இரவு வியர்த்துக் கொட்ட, கை நடுங்க, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்திக்கொண்டு டிரிப்பைப் பிடுங்கி எறிந்தார். "மனநோய், மனநலப் பிரிவுக்கு மாற்றவும்" என்று எழுதிவிட்டு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரவு டியூட்டியில் இருந்த மனநல மருத்துவர் வந்தார். டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொன்னார். நோயாளி நவம்பர் வரை வந்து, மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு நோயாளியின் மனைவியிடம் ஒரே கேள்வி: "கடைசியாக எப்போது குடித்தார்?" விபத்து நடந்த அன்று காலை என்றார் அந்த அம்மா. தினமும் குடிப்பவராம். கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் "குடிப்பழக்கம் இல்லை" என்று இருந்தது. நான் கேட்கவே இல்லை, கேட்காமலே எழுதியிருந்தேன்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம், அதாவது உடல் கோளாறால் மூளை திடீரெனக் குழம்பிப்போகும் நிலை. இது உயிரைப் பறிக்கக்கூடியது. அன்று அவருக்குத் தேவைப்பட்டது பென்சோடயஸெபைன் என்ற அமைதிப்படுத்தும் மருந்தும், குளுக்கோஸுக்கு முன்பே ஊசியில் தயமின் என்ற வைட்டமினும். நான் எழுதிய மாற்றல் குறிப்பு அவருக்கு எந்த உதவியும் செய்திருக்காது.

ஆகவே அந்த இரண்டு வாரத்தில் வேறு எது விட்டுப்போனாலும் டெலிரியத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். திடீரென வந்ததா, மணிக்கு மணி மாறுகிறதா, கவனம் நிற்கவில்லையா, இல்லாத உருவங்கள் தெரிகின்றனவா? அப்படியானால் முதலில் உடலைத் துருவுங்கள்: ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், தொற்று, அடைபட்ட சிறுநீர், நாம் கொடுத்த மருந்து. மனச்சிதைவு நோயான ஸ்கிசோஃப்ரினியாவில் பெரும்பாலும் காதில் குரல்தான் கேட்கும். சுயநினைவு பொதுவாகத் தெளிவாகவே இருக்கும்.

இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியத்தையும் படித்துவிடுங்கள், என் துறைக்காரர்கள் தவறும் இடம் அது. வலிக்கு டைக்ளோஃபினாக் எழுதுவது எங்களுக்குக் கைப்பழக்கம். அது லித்தியத்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். நடுக்கம் பெரிதாகி, வாந்தி வந்து, நடை தள்ளாடினால் அளவை உடனே பாருங்கள். வழக்கமான கண்காணிப்புக்குத்தான் கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் காத்திருப்பது.

தற்கொலை பற்றி: கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. இது ஆய்வுகளில் பார்க்கப்பட்ட விஷயம். உயரத்திலிருந்து விழுந்தவர்கள் எங்கள் வார்டுக்குத்தான் வருவார்கள். "தவறி விழுந்தார்" என்று உறவினர் சொன்னதை எழுதிவிட்டு எலும்பை மட்டும் பொருத்தி அனுப்பலாம், நானும் அனுப்பியிருக்கிறேன். இப்போது உறவினரை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறேன். "வாழ்க்கை சலித்துவிட்டதா?" அங்கிருந்து "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா?" பிறகு, முன்பு முயன்றதுண்டா, திட்டம் ஏதும் இருக்கிறதா. வாயில் வார்த்தை வர மறுக்கும். அது வரப் பழகுகிற இடம்தான் அந்த வார்டு.

இரவு டியூட்டி அக்கா (மனநல முதுநிலை மாணவி):
ஐயா சொன்னதோடு ஒன்று. கத்துகிற டெலிரியத்துக்கு எல்லோரும் எங்களை அழைப்பார்கள். பேசாமல், சாப்பிடாமல், அரைத்தூக்கத்தில் கிடக்கிற டெலிரியம்தான் தப்பிவிடும். "மனச்சோர்வு, மருந்து தொடங்கவும்" என்று எங்களுக்குக் குறிப்பு வரும். போய்ப் பார்த்தால் சிறுநீரகத் தொற்று. பென்சோடயஸெபைன், குடியை நிறுத்தியதால் வருகிற டெலிரியத்துக்கு மருந்து. மற்ற டெலிரியங்களில் அது குழப்பத்தைக் கூட்டிவிடும். இரண்டையும் கலக்காதீர்கள்.

மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் போட்ட சில மணி நேரத்தில் கழுத்து கோணி, கண் மேலே செருகிக்கொண்டால் "நடிக்கிறார்" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். அது அக்யூட் டிஸ்டோனியா, மருந்தின் பக்க விளைவாகத் தசை இறுகி முறுக்கிக்கொள்வது. புரோமெதஸின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் சரியாகும்.

பத்து நோயாளிகளை எட்டிப்பார்ப்பதைவிட ஒருவரை இரண்டு வாரமும் தினமும் பாருங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "பேச்சு பொருத்தமற்றது" என்ற வரியை வைத்து என்னால் எதுவும் செய்ய முடியாது.

நான்காம் ஆண்டு மாணவன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. கேட்டு, அவர் "ஆமாம்" என்று சொல்லி, "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்றும் கெஞ்சினால்?

இரவு டியூட்டி அக்கா:
அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். "இதை டியூட்டி மருத்துவரிடம் நான் சொல்லியே ஆக வேண்டும், அவர் வரும்வரை உங்களுடன்தான் இருப்பேன்" என்று சொல்லுங்கள். எழுந்து போய் அழைக்க வேண்டாம். செவிலியரை அங்கிருந்தே கூப்பிடுங்கள்.