எஸ்எஸ்டி சும்மா இருக்கிறது, எழுதும் திரெட்டுகள் காத்துக் கிடக்கின்றன: எக்ஸ்ட்4 ஜர்னல் நெரிசல் குறித்து உதவி தேவை

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் அனுப்பும் முடிவுகளைச் சேமிக்கும் சர்வர் ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். ஒவ்வொரு முடிவும் எக்ஸ்ட்4-இல் (லினக்ஸின் கோப்பு முறைமை) ஒரு சிறு கோப்பாக எழுதப்பட்டு, எஃப்சிங்க் (தரவு வட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் அழைப்பு) முடிந்த பிறகே இயந்திரத்துக்குப் பதில் செல்லும். சென்ற மாதம் 16 கோர் சர்வரிலிருந்து 64 கோர் சர்வருக்கு மாறியபோது, எழுதும் திரெட்டுகளையும் (ஒரே நிரலில் இணையாக ஓடும் வேலை இழைகள்) நான்கு மடங்காக்கினேன். வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிட்டது. காலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும்போது இயந்திரங்கள் பதிலுக்காக நின்றே விடுகின்றன. எஸ்எஸ்டியோ பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. நிற்கும் திரெட்டுகள் எல்லாம் 'வெயிட் டிரான்சாக்‌ஷன் லாக்டு' என்ற இடத்தில், அதாவது ஜர்னலின் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) நடப்பு டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகப் பதியப்படும் மாற்றங்களின் தொகுதி) பூட்டு விலகும் வரை நிற்கின்றன. லினக்ஸ் கெர்னல் 5.15. மவுன்ட் செய்யும்போது பேரியரை (எழுதியதை வட்டின் தற்காலிக நினைவிலிருந்து நிரந்தரமாகப் பதியவைக்கும் கட்டளை) அணைத்துவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். செய்யலாமா?

பதில் (கோலாலம்பூர்)

பேரியரைத் தொடாதீர்கள். மின்சாரம் போனாலும் தற்காலிக நினைவில் உள்ளதைக் காப்பாற்றும் வசதி அந்த எஸ்எஸ்டியில் இல்லையென்றால், இயந்திரத்துக்கு நீங்கள் அனுப்பும் பதிலே பொய்யாகிவிடும். கெர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவில், ஜேபிடி2 (எக்ஸ்ட்4-இன் ஜர்னலை நடத்தும் கெர்னல் கூறு) பகுதியின் கீழ் 'இன்ஃபோ' என்றொரு கோப்பு இருக்கும்; 7 மணி நெரிசலின்போது அதில் காணப்படும் எண்களை இங்கே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. டிரான்சாக்‌ஷன் ஒன்றுக்கு உச்ச அளவு 4096 பிளாக்குகள். பூட்டப்பட்ட நிலையில் கழியும் சராசரி நேரம் 38 மில்லி விநாடி. மொத்த டிரான்சாக்‌ஷன்களில் ஏறத்தாழ எல்லாமே 'கோரப்பட்டவை' (உடனே முடிக்கச் சொல்லிக் கேட்கப்பட்டவை) என்ற கணக்கிலும் வருகின்றன.

பதில் (கோலாலம்பூர்)

மூன்று எண்களுமே பேசுகின்றன. முதலில் 4096. உங்கள் கெர்னலில் ஒரு டிரான்சாக்‌ஷன் ஜர்னலில் கால் பங்கைத்தான் பிடிக்க முடியும் என்பதால், உங்கள் ஜர்னல் 16384 பிளாக் (ஒன்று 4 கேபி), அதாவது 64 எம்பி மட்டுமே. 10 ஜிபி அளவிலான மாதிரி இமேஜிலிருந்து (முன்பே நிறுவிய அமைப்பின் நகல்) சர்வரை உருவாக்கிப் பிறகு வட்டுப் பிரிவைப் பெரிதாக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; கோப்பு முறைமை வளர்ந்தாலும் ஜர்னல் தானாக வளராது. இடம் தீரும்போது, பழைய பதிவுகளை உரிய இடத்தில் எழுதி இடத்தை விடுவிக்கும் செக்பாயின்ட் வேலையை ஒரு திரெட் பூட்டைப் பிடித்துக்கொண்டு செய்ய, மற்றவை அதன் பின்னால் வரிசையில் நிற்கும்.

அடுத்தது 38. கமிட் (டிரான்சாக்‌ஷனை ஜர்னலில் எழுதி முடித்தல்) தொடங்கும்போது ஜேபிடி2 நடப்பு டிரான்சாக்‌ஷனைப் பூட்டி, அதற்குள் ஏற்கெனவே நுழைந்தவர்கள் வெளியேறும் வரை புதியவர் யாரையும் விடாது. உள்ளே ஒருவர் தாமதித்தால் வெளியே 64 கோர்களும் காத்திருக்க வேண்டியதுதான். 7 மணிக்குப் பழைய கோப்புகளை மொத்தமாக அழிக்கும் வேலையோ பெரிய கோப்பைப் படியெடுக்கும் வேலையோ ஓடுகிறதா என்று பாருங்கள். அழிக்கும் வேலை, வட்டிலிருந்து பிட்மேப்பை (எந்த இடம் காலி என்று காட்டும் அட்டவணை) படித்து முடிக்கும் வரை டிரான்சாக்‌ஷனைவிட்டு வெளியேறாது. படியெடுக்கும் வேலையின் பாதிப்பு வேறு விதமானது: எக்ஸ்ட்4-இன் இயல்பான ஆர்டர்டு முறையில், புதிதாக இடம் ஒதுக்கப்பட்ட தரவு வட்டுக்குப் போன பிறகுதான் கமிட் முடியும் என்பதால், உங்கள் 2 கேபி கோப்பு யாரோ ஒருவரின் பெரிய கோப்புக்காகக் காத்திருக்கும்.

மூன்றாவதுதான் அடிப்படைக் காரணம். எஃப்சிங்க் இல்லாவிட்டால் 5 விநாடிக்கு ஒரு கமிட் போதும். நீங்கள் கோப்புக்கு ஒன்று கேட்கிறீர்கள். ஒரே நேரத்தில் வரும் கோரிக்கைகள் ஒரு கமிட்டைப் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், சற்றுப் பிந்தியவை அடுத்ததற்கு நிற்க வேண்டும். ஆகவே திரெட்டுகளைக் குறைத்து, எழுதும் பொறுப்பை ஒரே திரெட்டிடம் கொடுங்கள். அது வந்து சேர்ந்த முடிவுகளை ஒரே கோப்பின் இறுதியில் தொகுத்து எழுதி, தொகுதிக்கு ஒருமுறை மட்டும் எஃப்டேட்டாசிங்க் (தரவையும் அதைப் படிக்கத் தேவையான விவரங்களையும் மட்டும் பதியும் அழைப்பு) செய்யட்டும்.

பதில் (ஜோர்ஜ்டவுன்)

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தக் கோப்பை முன்கூட்டியே பூஜ்ஜியங்களால் நிரப்பிவிட்டு மேலெழுதினால், அளவோ இட ஒதுக்கீடோ மாறாததால் எஃப்டேட்டாசிங்க் பெரும்பாலும் ஜர்னல் கமிட்டுக்காகக் காத்திருக்காது. ஃபாலோகேட் (இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும் அழைப்பு) மட்டும் போதாது. அது ஒதுக்கும் பகுதிகள் 'எழுதப்படாதவை' என்றே குறிக்கப்படுவதால், முதன்முறை எழுதும்போது அந்தக் குறியை மாற்ற மீண்டும் ஜர்னலைத்தான் நாட வேண்டியிருக்கும். நான் இதில் ஒருமுறை முழு வார இறுதியைத் தொலைத்தேன்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமைக்கு மாறலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதன் தாமதப் பதிவு முறை (மாற்றங்களை நினைவில் சேர்த்துவைத்து ஒன்றாக எழுதுவது) கெர்னல் 2.6.39 முதல் இயல்பாகவே இயங்குகிறது. ஆனால் கோப்புக்கொரு எஃப்சிங்க் என்றால் அங்கும் பதிவை உடனே எழுதத்தான் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, ஊகம் சரிதான். மாதிரி இமேஜ் 10 ஜிபி. ஞாயிற்றுக்கிழமை வட்டுப் பிரிவை அன்மவுன்ட் செய்து, கோப்பு முறைமையைச் சரிபார்த்து, பழைய ஜர்னலை நீக்கி 1024 எம்பி அளவில் புதிதாக அமைத்தேன். அழிக்கும் வேலையும் 7 மணிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை 3 மணிக்கு மாற்றிய பிறகு 38 என்பது 9 ஆனது. தொகுத்து எழுதும் நிரலைச் சோதனை சர்வரில் மட்டும் ஓடவிட்டிருக்கிறேன். அங்கே கோரப்பட்ட கமிட்டுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. பூஜ்ஜியம் நிரப்பும் வேலையை இன்றிரவு செய்கிறேன். உடன் பணிபுரிபவரிடம் பேரியர் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.