குழந்தைகளின் நுண்துளை அறுவையில் நெற்றிச் சென்சார் எதற்கு?

கேள்வி:
எங்கள் ஐந்து மாதக் குழந்தைக்கு லேப்ராஸ்கோபி முறையில் அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்பப்படும் என்றும், மூளையின் ஆக்ஸிஜனைக் கவனிக்க நெற்றியில் சென்சார் ஒட்டப்படும் என்றும் மயக்க மருந்து நிபுணர் கூறினார். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கும்போது இது ஏன் தேவைப்படுகிறது? அது 99 காட்டும் வேளையில் இது 70 காட்டினால் ஆபத்தா?

பதில் (மயக்கவியல் மருத்துவர்):
ஆபத்தில்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தமனி ரத்தத்தை மட்டுமே அளக்கிறது. நெற்றிச் சென்சாரோ 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, மூளைத் திசுவில் உள்ள ரத்தம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அதில் பெரும்பங்கு மூளை தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்ட பின் திரும்பும் சிரை ரத்தம் என்பதால், பொதுவாக 60 முதல் 80 வரை இருப்பது இயல்பே. தனி எண்ணை விட, மயக்கம் கொடுத்த தொடக்கத்தில் இருந்த அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே முக்கியம். சுமார் 20 சதவீதம் சரிந்தால் உடனே காரணம் தேடுவோம்.

வயிற்றில் வாயு ஏறும்போது எதிரெதிரான இரண்டு விளைவுகள் நேர்கின்றன. அழுத்தம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கலாம். மறுபுறம், உறிஞ்சப்படும் கார்பன் டை ஆக்சைடு மூளையின் ரத்தக் குழாய்களை விரித்து ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஆகவே எண் உயர்ந்தாலும் நிம்மதி அடைந்துவிட முடியாது. அந்த வாயுவை வெளியேற்ற வென்டிலேட்டரை அளவுக்கு மீறி வேகப்படுத்தினால் குழாய்கள் சுருங்கி, ஓட்டம் குறைந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

மற்றொரு பதில்:
மேலே உள்ளதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்தச் சென்சார் ரத்த ஓட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. ஓட்டத்தின் வேகத்தை அறிய டாப்ளர் என்னும் மீயொலிப் பரிசோதனை வேண்டும். உச்சிக்குழி மூடாத குழந்தைகளுக்கு அதன் வழியாகவே பார்க்க முடியும். சென்சார் இல்லாத இடத்தில் அறுவை பாதுகாப்பற்றது என்றும் எண்ண வேண்டாம்; ரத்த அழுத்தத்தையும் மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் விடாமல் கவனிப்பதே அடிப்படை.

கேட்டவர்:
நன்றி. அளவு சரிந்தால் என்ன செய்வீர்கள்?

பதில் (மயக்கவியல் மருத்துவர்):
தலை திரும்பிக் கழுத்துச் சிரை அமுங்கியுள்ளதா, மூச்சுக்குழாய் சரியாக உள்ளதா, ரத்த அழுத்தம் போதுமா என்று பார்ப்போம். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 6 முதல் 8 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலேயே வாயு செலுத்தப்படுகிறது. அதையும் குறைக்கும்படியோ, சற்று நேரம் முழுவதுமாக வெளியேற்றும்படியோ அறுவை நிபுணரைக் கேட்போம்.