‘வெளிப்பாடு’ வேண்டாம், ‘ஒளியேற்பு’ எனலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படம் எடுக்கும்போது கமராவுக்குள் விழும் ஒளியின் அளவைக் குறிக்கும் ‘எக்ஸ்போசர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் எது என்று இங்கே நடந்துவரும் உரையாடலின் மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ‘வெளிப்பாடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். புழக்கத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆயினும் இந்தச் சொல் படிப்பவரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் அதனை என்னால் ஏற்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு ஒளிப்படக்கலை சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி தன் தம்பியை வீட்டு விறாந்தையில் இருத்தி எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். பின்னால் முற்றத்து வெயில் வெள்ளையாய் எரிய, பிள்ளையின் முகம் கறுத்துப் போயிருந்தது. “வெளிப்பாடு காணாது, கூட்டி எடுத்துக்கொண்டு வாருங்கோ” என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமை அவர் கொண்டுவந்த படத்திலும் முகம் அதே கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். வெளிப்பாடு என்பதை அவர் முகபாவம் என்று விளங்கிக்கொண்டிருந்தார். அதில் அவர் பிழை எதுவும் இல்லை. உணர்ச்சி வெளிப்பாடு, கருத்து வெளிப்பாடு என்று உள்ளே இருப்பது வெளியே வருவதற்கே நாம் அந்தச் சொல்லை நாள்தோறும் ஆள்கிறோம். கமராவில் நடப்பதோ அதற்கு நேர்மாறானது. வெளியே இருக்கும் ஒளி வில்லை (லென்ஸ்) வழியாக உள்ளே வந்து, படத்தைப் பதியும் உணரியின் மேல் விழுகிறது.

‘ஒளிபடுகை’ என்ற சொல்லைப் பரிந்துரைத்த ஐயாவின் காரணம் நல்ல காரணம். திசை சரியாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் இடர் வருகிறது. ஒளிப்படம், ஒளிபடு என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு பகர மெய்தான் வேறுபாடு. வகுப்பில் விரைவாகப் பேசும்போது ‘ஒளிபட்ட அளவு’ எது, ‘ஒளிப்பட அளவு’ எது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. ‘ஒளிப்பு’ என்று சுருக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஒளித்துப் பிடித்து விளையாடி வளர்ந்த எங்கள் பிள்ளைகளின் காதில் ஒளிப்பு என்றால் மறைப்பு என்றே விழும்.

ஆகவே ‘ஒளியேற்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கூட்டுச்சொற்களில் ‘ஏற்பு’ என்று சுருக்கிக்கொள்ளலாம். உணரி ஒளியை ஏற்கிறது. எவ்வளவு ஒளியை, எவ்வளவு நேரம் ஏற்றது என்பதே ஏற்பின் அளவு. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. இறைப்பு இயந்திரம் தள்ளும் நீர் வாய்க்காலில் வருகிறது. பாத்தியின் வாயை அகலமாக வெட்டிவிட்டால் சீக்கிரம் நிரம்பும், ஒடுக்கமாக வெட்டினால் நேரம் எடுக்கும். மண்வெட்டியால் மண்ணை இழுத்து வாயை அடைக்கும் கணத்தில் ஏற்பு முடிகிறது. வாயின் அகலம் வில்லைத் துளை, திறந்திருந்த நேரம் சட்டர் வேகம், வாய்க்காலில் வரும் நீரின் வேகம் காட்சியின் வெளிச்சம்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கமராவில் வைக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு இந்த உவமையில் இடம் எங்கே என்று ஒரு மாணவர் கேட்டார். இடமே இல்லை என்பதுதான் சரியான விடை. இந்தச் சொல்லின் மேல் எனக்குப் பிடிப்பு உண்டானதும் அந்தக் கேள்வியால்தான். துளை, சட்டர், ஐ.எஸ்.ஓ. என்ற மூன்றையும் ஒரே முக்கோணத்தில் வைத்துக் கற்பிப்பது பரவலான வழக்கம். ஆனால் இலக்கமுறைக் கமராவில் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதால் உணரிக்கு ஒரு துளி ஒளிகூட அதிகமாக வருவதில்லை. வந்த ஒளியிலிருந்து பிறந்த சைகை பெரிதாக்கப்பட்டு, படம் வெளிச்சமாகக் காட்டப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 6400 இல் எடுத்த படம் மணல் தூவியது போல் இருப்பதற்கு எண்ணைக் குறைசொல்கிறோம். உண்மைக் காரணம் பெரும்பாலும் உணரி ஏற்ற ஒளி போதாமையே. ‘வெளிப்பாடு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும். ‘ஏற்பு வேறு, பெருக்கம் வேறு’ என்று சொன்னால் நான்கு சொற்களில் முடிந்துவிடுகிறது. ஃபிலிம் காலத்து வழக்கத்தை ஒட்டி ஐ.எஸ்.ஓ.வை ‘உணர்திறன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். இலக்கமுறைக் கமராவைப் பொறுத்தவரை ‘பெருக்கம்’ என்பதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஒரு கலைச்சொல் நல்லதா என்பதை அது குட்டி போடுகிறதா என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது என் எண்ணம். அளவுக்கு மேல் ஒளி விழுந்தால் மிகையேற்பு, காணாவிட்டால் குறையேற்பு. ஒரே சட்டகத்தில் இருமுறை எடுத்தால் ஈரேற்பு. பண்ணைக் கடலை மாலை மங்கலில் முக்காலி வைத்து 30 செக்கன் திறந்து எடுத்தால், அலை எல்லாம் கரைந்து பால் போல் கிடக்குமே, அது நெடுநேர ஏற்பு. கமரா தானாகக் கணித்ததை நாம் கூட்டிக் குறைப்பது ஏற்புத் திருத்தம்.

இந்த ஏற்புத் திருத்தம் எங்கள் ஊரில் படமெடுப்பவர்களுக்கு மிகவும் வேண்டிய ஒன்று. கமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பும் சாம்பல் அது. நல்லூர்த் தேரன்று காலை வெயிலில் வீதி நிறைய வெள்ளை மணல், அதன்மேல் ஆயிரக்கணக்கில் வெள்ளை வேட்டிகள். கமரா இத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கிறது. படத்தில் வேட்டிகள் எல்லாம் பல நாள் தோய்க்காதவை போல் அழுக்கேறிக் கிடக்கும். ஒரு படி முதல் ஒன்றரைப் படி வரை ஏற்பைக் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். வெள்ளைக்கு ஏன் இன்னும் ஒளி கூட்ட வேண்டும் என்று பிள்ளைகள் திகைப்பார்கள். சாம்பல் அட்டை ஒன்றை வேட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் அளந்து காட்டிய பிறகே அவர்களுக்குத் தெளிவு வரும்.

‘படி’ என்று எழுதினேன். ‘ஸ்டொப்’ என்பதற்கு ‘நிறுத்தம்’ என்று ஒரு பட்டியலில் கண்டேன். அது பேருந்துக்குப் பொருந்துமே தவிர ஒளிக்குப் பொருந்தாது. 1858 இல் ஜோன் வாட்டர்ஹவுஸ் என்பவர், வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை வில்லைக் குழாயின் பிளவில் செருகிப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கும் தகடு என்பதாலேயே அந்தப் பெயர். இன்று நாம் அந்தச் சொல்லால் சொல்வது, ஒளி இருமடங்காகும் அல்லது பாதியாகும் அளவைத்தான். எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று துளை எண் ஒவ்வொன்றாக ஏறும்போது ஒளி ஒவ்வொரு படி குறைகிறது. எஃப் 8 இல் 1/125 செக்கன் கொடுப்பதும், எஃப் 5.6 இல் 1/250 செக்கன் கொடுப்பதும் ஒரே ஏற்புத்தான். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ‘படி’ இயல்பாக நிற்கிறது.

அடுத்தது வில்லைத் துளை. இதற்குத் ‘திறப்பு’ என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். அங்கே அது பொருத்தமாகவே ஒலிக்கும். யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் பூட்டைத் திறக்கும் சாவி. ‘பெரிய திறப்பைப் பயன்படுத்துங்கள்’ என்று எழுதினால் இங்குள்ளவர்கள் வாசற்கதவை நினைப்பார்கள். இரு கரைக்கும் பொதுவாகத் ‘துளை’ என்றே இருக்கட்டும். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் துளை எண் கிடைக்கிறது. 50 மில்லிமீற்றர் வில்லையில் 25 மில்லிமீற்றர் துளை என்றால் எஃப் 2. எண் சிறிதானால் துளை ஏன் பெரிதாகிறது என்ற குழப்பமும் இந்த வகுத்தலைக் காட்டிய உடனே தீர்ந்துவிடும்.

வில்லை பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வில்லை, குவியத்தூரம் என்ற இரண்டும் எங்கள் பள்ளிக்கூடப் பௌதிகவியலிலேயே நிலைத்துவிட்டன. குவியத்தூரம் மாறாதது நிலைக்குவிய வில்லை, மாறுவது மாறுகுவிய வில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒளியமைப்பில் முதன்மை ஒளி, நிரப்பொளி, பின்னொளி என்று வந்த மூன்று சொற்களுக்கும் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று என்பதால், குழல் விளக்குகளும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் செக்கனுக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கல்யாண மண்டபத்தில் 1/250 செக்கனில் வீடியோ எடுத்தால், திரையில் கரும்பட்டைகள் ஊர்ந்துபோவது இதனால்தான். 1/50 அல்லது 1/100 செக்கனுக்கு மாற்றினால் அவை அடங்கிவிடும். விளக்கின் இந்தக் குணத்துக்கு ‘மினுக்கம்’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கமரா, சட்டர் என்ற சொற்களையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். கடைச் சட்டரை இழுத்து மூடும் எவருக்கும் கமராவின் சட்டர் என்ன செய்கிறது என்று விளங்கும்; ‘மூடி’ என்று மாற்றினால் வில்லையின் முன்னால் போடும் மூடியோடு கலந்துவிடும். மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த மருத்துவர் கிறீன், 1875 இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் வைத்தார். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்து ஏற்றுக்கொள்ளும் துணிவு இந்த மண்ணில் அன்றே இருந்தது. சொல் பொருளை மறைக்கும் இடத்தில்தான் புதுச்சொல் வேண்டும்; ‘எக்ஸ்போசர்’ அப்படிப்பட்ட இடம்.

ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்ற பொருளும் உண்டே என்று தமிழாசிரியர் ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதினார். உண்டுதான். ஆனால் பதவியேற்பு, வரவேற்பு, உறுதியேற்பு என்று ‘ஏற்பு’ வரும் இடங்களில் இன்று எவருக்கும் அந்தப் பொருள் தோன்றுவதில்லை. எனக்குள்ள தயக்கம் வேறு. ‘ஒளியேற்பு’ என்ற பெயர்ச்சொல்லில் குழப்பம் இல்லை. அதனை வினையாக்கி ‘ஒளியேற்றினான்’ என்று எழுதினால் விளக்கேற்றியது போலாகிவிடும். ‘ஏற்புக் கொடுத்தான்’, ‘ஏற்பைக் கூட்டினான்’ என்று வகுப்பில் சமாளித்து வருகிறேன். இதற்கு ஒற்றை வினைச்சொல் ஒன்று உங்களில் எவருக்கேனும் தோன்றினால், அடுத்த சனிக்கிழமைக்கு முன்னர் எழுதுங்கள்; அன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளில் அதையும் சேர்த்து, அவர்கள் வாயில் எப்படி வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.