3ஜி வெல்டிங் டெஸ்ட்: பாதிக்கு மேல் மெட்டல் தொங்குகிறது, உதவுங்கள்

மண்டபம் வெல்டர்:
அண்ணன்மார்களே, 9 நாளில் எனக்கு 3ஜி டெஸ்ட், அதாவது தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி வெல்டிங் செய்வது. 10 மி.மீ. தகடு, கீழிருந்து மேல், ரூட்டுக்கு (அடி வெல்டுக்கு) 2.5, மற்றதற்கெல்லாம் 3.15 மி.மீ. 7018 ராடு. கடற்கரையில் படகு வேலை செய்யும் திறந்த கொட்டகையில் பழகினேன், நன்றாகவே வந்தது. போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு மூடிய கூடத்தில் மாதிரி டெஸ்ட். முதல் மூன்று அங்குலம் அழகு. அப்புறம் மெட்டல் இளகி நடுவில் வயிறு தள்ளிவிட்டது, ஓரமெல்லாம் அண்டர்கட் (அரித்த பள்ளம்). பயந்து 110 ஆம்பியரை 85 ஆக்கினேன். ராடு ஒட்டியது, ஓரத்தில் ஸ்லாக் (ராடின் கசடு) மாட்டியது. பெண்டில் (வளைத்துப் பார்க்கும் சோதனையில்) வாய் பிளந்துவிட்டது. மெஷின் கோளாறா?

கீழக்கரை காக்கா:
மெஷின் இருக்கட்டும் தம்பி. ஒரு பாஸ் (ஒரு அடுக்கு வெல்டு) முடிந்து அடுத்த பாஸுக்கு எவ்வளவு நேரம் விட்டீர்கள்?

மண்டபம் வெல்டர்:
ஸ்லாக் தட்டி, பிரஷ் போட்டு உடனே அடுத்த ராடுதான் காக்கா. நேரம் போய்விடுமே என்ற பயம்.

தொண்டி பட்டறை:
தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்தால் ஒரு முக்கு முக்கி எடுங்கள், நிமிடத்தில் ஆறிவிடும்.

கீழக்கரை காக்கா:
அதை மட்டும் செய்யாதீர்கள். சூட்டோடு முக்கினால் வெல்டும் ஓரமும் விறைத்துப் போகும், பெண்டில் தெரிந்துவிடும். பரிசோதகர் பார்த்தால் அங்கேயே கதை முடிந்தது.

தம்பி, கொட்டகையில் உங்கள் தகட்டை ஆற வைத்தது கச்சான் காற்று. மூடிய கூடத்தில் அது இல்லை. சின்னத் தகடு, சூடு ஓடி ஒளிய இடம் கிடையாது. நீங்கள் மேலே ஏற ஏற சூடும் முன்னால் ஏறுகிறது. ஆற விடுங்கள். குறிப்பிட்ட சூட்டில் உருகும் டெம்பரேச்சர் சாக் ஒன்று வாங்கி, வெல்டிங் முறையைச் சொல்லும் டபிள்யூ.பி.எஸ். தாளில் எந்த டிகிரி போட்டிருக்கிறதோ அதற்குக் கீழே இறங்கிய பிறகு அடுத்த ராடைத் தொடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஓரத்து ஸ்லாக்கைக் கிளறி எடுக்கலாம், நேரம் வீணாகாது.

ஆம்பியரை ஒரேயடியாக 25 குறைத்தால் ராடு ஒட்டாமல் என்ன செய்யும்? ஐந்தைந்தாக இறக்குங்கள், 100 பக்கம் நிற்கும். ஆர்க் குட்டையாக இருக்கட்டும். நீண்டால் சூடு பரவும், அண்டர்கட்டும் அதில்தான் வரும். இரு ஓரத்திலும் "ஒன்று" என்று எண்ணி நில்லுங்கள், நடுவைச் சட்டென்று கடந்துவிடுங்கள். வயிறு அந்த நடுவில்தான் பிறக்கிறது. மெட்டல் அகலமாகிப் பளபளவென்று ஆடினால் ராடை எடுத்துவிடுங்கள். ஆறியதும் நிறுத்திய இடத்தைக் கிரைண்டரில் சரித்துவிட்டுத் தொடருங்கள்.

தொண்டி பட்டறை:
சரி காக்கா, வாளியை வாபஸ் வாங்குகிறேன். இன்னொன்று: உப்புக் காற்றில் திறந்து கிடந்த 7018 ஈரம் குடித்திருக்கும். தொங்கலுக்கு அது காரணமில்லை, ஆனால் ஓட்டை விழும். ராடு பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் சூட்டில் ஓவனில் வைத்து எடுங்கள்.

மண்டபம் வெல்டர் (4 நாள் கழித்து):
நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, காற்றே இல்லாமல் பழகினேன். சாக் உருகாத அளவுக்குத் தகடு ஆறும் வரை காத்திருந்தேன், 103 ஆம்பியர். வயிறு போய்விட்டது. பெண்ட் இரண்டு போட்டோம். ஒன்று சுத்தம், மற்றதில் 2 மி.மீ. பிளவு.

கீழக்கரை காக்கா:
3 வரை விடுவார்கள். பிளவைத் திறந்து பாருங்கள், உள்ளே ஸ்லாக் தெரிந்தால் பெரும்பாலும் ரூட்டுக்கு அடுத்த பாஸில் அதை எடுக்காமல் விட்டிருப்பீர்கள். அங்கே இன்னும் கொஞ்சம் கிரைண்ட் பிடியுங்கள்.