எட்டாவதுல டெல்லி டூர் போனவங்க வாங்க, கதை சொல்லுங்க

அம்பத்தூர் அம்மா:
பையனுக்கு அரையாண்டு லீவுல ஸ்கூல் டூர், டெல்லி. பணம் கட்டியாச்சு. எந்தெந்த இடம் பார்க்கணும்னு லிஸ்ட் வேண்டாம், அது ஸ்கூல்லயே குடுத்துட்டாங்க. அங்க போய் யாரைப் பார்த்தீங்க, என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வரல.

ஏரிக்கரை:
எனக்கு 2006 டிசம்பர். நாங்க ஸ்ரீபெரும்புதூர். இந்தக் கதைக்கு ஊர் பேர் முக்கியம், அதான் முதல்லயே சொல்லிடறேன்.

சென்ட்ரல்ல ராத்திரி பத்து மணிக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ரெண்டு ராத்திரி ஒரு பகல்னு கணக்கு. பனிமூட்டத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதே. காலைல ஏழு மணிக்குப் போக வேண்டிய வண்டி மத்தியானம் ரெண்டுக்குப் போச்சு. புளியோதரை தீர்ந்து, மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் தீர்ந்து, கடைசில வெறும் முறுக்கு. ஆனா ஒரு லாபம். வழக்கமா இருட்டுல தாண்டுற, கொள்ளைக்காரங்களுக்குப் பேர் போன சம்பல் பள்ளங்களை வெளிச்சத்துல பார்த்தோம். மண்ணை யாரோ நகத்தால பிராண்டி வெச்ச மாதிரி இருக்கும். கொள்ளைக்காரனைத் தேடி ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினோம். எருமை மேய்க்கிற தாத்தா ஒருத்தர்தான் தெரிஞ்சார்.

டெல்லில இறங்கி வாயைத் திறந்தா ஆவி வருது. ஒருத்தன் பென்சிலை விரலிடுக்குல வெச்சு ஸ்டைலா ஊதினான். பி.டி. சார் பின்மண்டைல ஒண்ணு வெச்சார்.

செங்கோட்டை, இந்தியா கேட் எல்லாம் ஓட்டமா ஓடிப் பார்த்தது. மனசுல நிக்கிறது சப்தர்ஜங் ரோட்டுல இருக்கிற இந்திரா காந்தி வீடுதான். இப்போ அது மியூசியம். அவங்க கடைசியா கட்டியிருந்த புடவையை வெச்சிருக்காங்க. தோட்டத்துல அவங்க நடந்து போன பாதைக்கு மேல கண்ணாடி போட்டிருக்கு. அதெல்லாம் பாடத்துல படிச்சதுதானே, வரிசையா போயிட்டிருந்தோம். இன்னொரு கண்ணாடிப் பெட்டி வந்துச்சு. கருகிக் கிழிஞ்ச துணி, ஷூ. ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்னைக்குப் போட்டிருந்தது. பக்கத்துல இருந்த எழுத்தைக் கூட்டிப் படிச்சா எங்க ஊர் பேர்.

வரிசை அப்படியே நின்னுடுச்சு. எங்க ஊர்ல இருக்கிற ராஜீவ் நினைவிடத்தைத் தாண்டித்தான் தினம் டியூஷனுக்கு சைக்கிள் மிதிப்போம். ஒரு நாளும் இப்படி நின்னு பார்த்ததில்ல.

பின்னாடி ஒரு குடும்பம். வயசான அம்மா ஒருத்தங்க "பேட்டா, கஹாங் ஸே?"ன்னு கேட்டாங்க. சார் முந்திக்கிட்டு "மெட்ராஸ்"னார். எங்க பய ஒருத்தன் நெஞ்சை நிமித்திக்கிட்டு "ஸ்ரீபெரும்புதூர்!"னான். அந்த அம்மாவுக்கு முகம் மாறிப் போச்சு. கூட வந்த தாத்தா சார் கிட்ட இங்கிலீஷ்ல, இந்தப் பசங்க அதைப் பார்த்தாங்களான்னு கேட்டார். நாங்க பொறந்ததே 93-ல. சார் விளக்கினார். அந்த அம்மா பையைத் திறந்து ஆளுக்கொரு எள்ளு மிட்டாய் குடுத்தாங்க. பாவப்பட்டுக் குடுத்தாங்களா, சின்னப் பசங்கன்னு சும்மா குடுத்தாங்களா, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. வாங்கித் தின்னோம்.

பஸ்ல ஏறினதும் அந்தப் பயலுக்குக் கோவம். "ராமானுஜர் பொறந்த ஊர்னு சொல்லியிருக்கலாம். ராமானுஜருக்கு இந்தியில என்ன சார்?" "இந்தியிலயும் ராமானுஜர்தான்டா. இப்போ கேளு."

ஓய்வுபெற்ற வாத்தி:
நான் கூட்டிக்கிட்டுப் போன கட்சி. பசங்களுக்குத்தான் டூர். எங்களுக்குத் தலை எண்ணுற வேலை.

1995-ல முதல் தடவை போனப்போ குதுப் மினார் வளாகத்துல இரும்புத் தூணைச் சுத்தி வேலி கிடையாது. முதுகைத் தூணோட ஒட்டிக்கிட்டு கையைப் பின்னால கோத்துட்டா அதிர்ஷ்டம்னு வரிசை நிக்கும். எட்டாங்கிளாஸ் கைக்கு எட்டவே எட்டாது, பாதி பேர் அழுகாத குறை. ரெண்டு வருஷத்துல வேலி போட்டுட்டாங்க. மினாருக்குள்ள ஏறணும்னு அடம் பிடிச்சாங்க. 379 படி இருக்கு, ஆனா கதவு பூட்டு. 1981 டிசம்பர் 4-ல உள்ள விளக்கு அணைஞ்சு, இருட்டுல படிக்கட்டுல நெரிசலாகி 45 பேர் செத்துப் போனாங்க. நிறையப் பேர் இதே மாதிரி டூர் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைங்க. கதவு ஏன் பூட்டியிருக்குன்னு பசங்க கேட்டப்போ நான் பதில் சொல்லல. மறுபடி தலை எண்ணினேன்.

அம்மா பயப்படாதீங்க, சிரிக்கவும் ஒண்ணு இருக்கு. குளிர் தாங்காம சாந்தினி சௌக் பிளாட்பாரத்துல எல்லாருக்கும் மங்கி குல்லா வாங்கினோம், ஒரே மெரூன் கலர், மொத்தமா எடுத்தா விலை குறைவு. செங்கோட்டை வாசல்ல எண்ணினா 41. நாங்க கொண்டு போனது 38. ஒருத்தன் குறைஞ்சா என்ன செய்யணும்னு தெரியும், மூணு பேர் கூடினா? குல்லாவைக் கழட்டச் சொன்னா மூணு முகம் புதுசு. சேலத்துல இருந்து வந்த இன்னொரு பள்ளி, அதே கடை, அதே குல்லா. "நீங்க தமிழ்ல திட்டினீங்க சார், நம்ம சார்தான்னு வந்துட்டோம்"னானுங்க. அவங்க வாத்தியார் அந்தப் பக்கம் 35 வருதுன்னு வேர்த்து நின்னார், டிசம்பர் மாசத்துல.

ஆர்.கே.புரம் பையன்:
நான் எதிர்க் கட்சி. டெல்லிலயே பொறந்து வளர்ந்தவன். லீவு வந்தா எங்க ஏரியா முருகன் கோவில், மலை மந்திர்ல தமிழ்நாட்டு டூர் பஸ் வரிசை கட்டி நிக்கும். "யாமிருக்க பயமேன்"னு பெருசா எழுதியிருக்கிறதைப் பார்த்ததும் பசங்க அத்தனை பேரும் சத்தமாப் படிப்பாங்க. மூணு நாளா இந்தி போர்டையே பார்த்து வந்தவங்க இல்லையா.

ஒரு தடவை என் வயசுப் பையன் ஒருத்தன் கேட்டான்: "உங்க ஊர்ல பார்லிமெண்ட் உள்ள எப்படி இருக்கும்?" நான் அதுவரைக்கும் வாசலைக்கூடப் பார்த்ததில்ல. உருண்டையா இருக்கும்னு சொல்லி சமாளிச்சேன். அவன் பதிலுக்கு மெரினா பத்தி சொன்னான். அவனும் மெரினா பார்த்ததில்லையாம், தேனிக்காரன்.

அம்பத்தூர் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. 93-ல பொறந்தவரே, அந்த எள்ளு மிட்டாய் விஷயம் மனசுலயே நிக்குது. வாத்தியார் ஐயா, ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா?

ஓய்வுபெற்ற வாத்தி:
ரெண்டு குடுங்க. சாக்ஸ் நாலு ஜோடி, அதுதான் முதல்ல ஈரமாகும். குல்லா மட்டும் இங்கயே வாங்கிடுங்க. மெரூன் வேண்டாம்.