வெறும் தண்ணீரில் தெரிந்த பட்டை: கோடைக்கால ஆய்வுப் பயிற்சி அனுபவங்கள்

உயிர்த்தொழில்நுட்ப மாணவி:

மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் எட்டு வாரம் ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருந்தேன். வேலை சொல்வதற்கு எளிது. ஒரு பாக்டீரியாவின் பன்னிரண்டு மாதிரிகளில் குறிப்பிட்ட ஒரு மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை மட்டும் பல மடங்கு பெருக்கும் முறை) செய்து பார்க்க வேண்டும். பெருகியதை ஜெல் என்ற கூழ்ப் பலகையில் மின்சாரத்தால் ஓடவிட்டால், மரபணு இருக்கும் மாதிரியின் வரிசையில் ஒரு பட்டை ஒளிரும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே வரவில்லை. ஜெல்லைப் புற ஊதா ஒளியில் வைத்தால், ஒப்பிடுவதற்காக ஓடவிட்ட அளவுகோல் வரிசை மட்டும் ஒளிரும்; மற்றதெல்லாம் இருட்டு. மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மாலை, பன்னிரண்டிலும் பளிச்சென்று பட்டை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

பிறகுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அந்தக் குழாயில் டி.என்.ஏ. சேர்க்கவே இல்லை, வெறும் தண்ணீர்; பட்டையே வரக்கூடாது. அதிலும் அதே உயரத்தில், கொஞ்சம் மங்கலாக, ஒரு பட்டை.

திங்கட்கிழமை குழுக் கூட்டம். படத்திலிருந்து அந்தக் கடைசி வரிசையை வெட்டிவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. மங்கலாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆய்வு மாணவி கூட்டத்துக்குச் சற்று முன்னால் படத்தைப் பார்த்தார். "தண்ணீர் போட்டது எங்கே?" என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். முழுப் படத்தையும் வைக்கச் சொல்லிவிட்டு, "இன்றைக்கு நீ பேச வேண்டியதே இதைப் பற்றித்தான்" என்றார்.

பேசினேன். குரல் நடுங்கியது. பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுமே கலப்படம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதைப் பற்றியவை. பி.சி.ஆரில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இரட்டிப்பாகிறது. கணக்குப்படி ஒரே ஒரு மூலக்கூறு 35 சுற்றுகளில் 3,400 கோடிக்கு மேல் பெருகிவிடும். முந்தைய சோதனையின் குழாயைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்று தெறித்தாலே போதும். தண்ணீர், பிரைமர் (எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு), பெருக்கும் என்சைம், அதன் கரைசல் என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். நான்கு நாள் ஆனது. குற்றவாளி தண்ணீர்ப் புட்டிதான். பழைய குழாய்களைத் திறந்த அதே மேசையில், அதே பிப்பெட்டால் (திரவத்தை உறிஞ்சி அளக்கும் கருவி) நான் தொட்ட புட்டி. புதிய தண்ணீரைச் சிறு சிறு குழாய்களில் பிரித்து வைத்து, பிப்பெட்டில் வடிகட்டி உள்ள முனைகளைப் போட்டு, கலவை தயாரிக்கும் இடத்தை வேறு அறைக்கு மாற்றியபின் தண்ணீர் வரிசை இருண்டது. பன்னிரண்டு மாதிரிகளில் ஐந்தில் மட்டும் பட்டை நின்றது.

அந்த ஐந்தைப் பற்றி யார் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியும்.

இயற்பியல் மாணவர்:

படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது. என்னுடைய கதை வானொலி வானியல். தொலைநோக்கியையே தொடவில்லை; பழைய தரவுகளில் துடிப்பு விண்மீன்களை (சீரான இடைவெளியில் வானொலித் துடிப்பு அனுப்பும் விண்மீன்கள்) தேடும் மென்பொருள் தேர்ந்தெடுத்துத் தரும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று முதல் வாரம் மனம் வாடியிருந்தேன். வழிகாட்டி அப்போதுதான் டேவிட் நார்கேவிச் பற்றிச் சொன்னார். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தவர். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 2001-இல் பதிவு செய்து வைத்திருந்த தரவுகளை, வானியலாளர் டங்கன் லோரிமரின் வழிகாட்டலில் அலசியபோது, சில மில்லி விநாடிகளே நீடித்த ஒரு பெரும் துடிப்பைக் கண்டார். 2007-இல் அது வெளியானது. தொலைதூர விண்வெளியிலிருந்து வரும் இத்தகைய துடிப்பை வேக வானொலி வெடிப்பு என்று இன்று சொல்கிறோமே, அவற்றில் முதலாவது அது.

அதன்பிறகு நான் தூங்கவில்லை என்றே சொல்லலாம். நான்காம் வாரம் ஒன்று கிடைத்தது. அழகான, ஒழுங்கான துடிப்பு. 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை. ஓடிப்போய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "விநாடிக்கு எத்தனை முறை என்று கணக்கிடு" என்றார். ஐம்பது. மின்கம்பியில் ஓடும் மாறுமின்னோட்டத்தின் அலைவெண். விண்வெளியைக் கடந்து வரும் துடிப்பில் குறைந்த அலைவெண்கள் பின்தங்கி வரும். இதில் எல்லாம் ஒன்றாகவே வந்திருந்தன. பூமியிலேயே பிறந்த துடிப்பு.

அன்று மாலை பார்க்ஸ் கதையின் மறுபாதியையும் சொன்னார். 2007-க்குப் பிறகு அதே தொலைநோக்கியில் அதைப் போலவே தோன்றிய வேறு சில துடிப்புகள் பூமியிலிருந்தே வந்தவை என்று தெரிந்தது. முதல் வெடிப்பின் மீதே ஐயம் விழுந்தது. 2015-இல்தான் வானியலாளர் எமிலி பெட்ராஃப் குழுவினர் அவற்றின் மூலத்தைப் பிடித்தார்கள்: மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். போலியைத் தனியே பிரித்ததும் உண்மையானது தலைநிமிர்ந்தது. மீதி நான்கு வாரமும் நான் செய்தது அந்த வகை வேலைதான். எங்கள் தரவில் திரும்பத் திரும்ப வரும் போலி அலைவெண்களின் பட்டியல் தயாரித்தேன். அந்தக் குழு அதை இன்னும் பயன்படுத்துகிறது என்று கேள்விப்பட்டபோது, ஒரு விண்மீனைக் கண்டிருந்தால் வந்திருக்கும் மகிழ்ச்சிக்குக் குறையாத மகிழ்ச்சி வந்தது.

வேதிப்பொறியியல் மாணவி:

உங்கள் இருவருக்கும் நல்ல வழிகாட்டிகள் வாய்த்தார்கள். எனக்கு அது இல்லை. ஆறு வாரம் குடுவை கழுவினேன், யாரோ எழுதிய அட்டவணையைத் தட்டச்சு செய்தேன். அந்த எண்கள் எதை அளந்தவை என்று கேட்டதற்கு, "அது உனக்கு எதற்கு?" என்றார்கள். சான்றிதழ் மட்டும் கிடைத்தது. ஐந்தாம் வாரத்தில் இரண்டு எண்கள் பொருந்தவில்லை என்று கண்டேன். சொல்ல ஆளில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

1969-இல் மார்கரெட் மாக்விகார் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மாணவரை ஆசிரியரின் இளைய சக ஆய்வாளராக நடத்த வேண்டும் என்பதே எண்ணம். அங்குள்ள இன்னொரு பல்கலைக்கழகமான கால்டெக்கின் கோடைத் திட்டத்தில் மாணவரே வழிகாட்டியோடு சேர்ந்து முன்மொழிவு எழுதி, முடிவில் எல்லோர் முன்னிலையிலும் பேச வேண்டும். இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். அடுத்த ஆண்டு வேறோர் இடத்துக்கு விண்ணப்பித்தபோது இரண்டு கேள்விகளை முதலிலேயே எழுதிக் கேட்டேன்: தினமும் எனக்கு வேலை சொல்லித்தரப் போகிறவர் யார்? முடிவில் நான் செய்ததை நானே பேச வாய்ப்பு உண்டா? பதில் அனுப்பாத இரண்டு ஆய்வகங்களை விட்டுவிட்டேன். பதில் சொன்ன இடத்தில்தான் சேர்ந்தேன்.

இரண்டாம் ஆண்டு மாணவர்:

இன்னும் இரண்டு வாரத்தில் முதல் பயிற்சிக்குப் போகிறேன். ஜெல் ஓட்டியதே இல்லை. இப்போது என்ன செய்யலாம், அக்கா?

உயிர்த்தொழில்நுட்ப மாணவி:

தம்பி, தினமும் உன்னைப் பார்க்கப் போகிறவருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுது. எந்த இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு வரவேண்டும் என்று கேள். ஜெல் ஓட்டியதில்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிடு. முதல் நாளே கற்றுத்தருவார்கள். தாள் பிரிக்க முடியாத கெட்டி அட்டைக் குறிப்பேடு ஒன்று வாங்கி வைத்துக்கொள். பேனாவால் எழுது. தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடி, அழிக்காதே. ஜெல் படத்தை முழுதாக ஒட்டு.